கொழும்பின் சட்ட நூலகங்களில் பணியாளர் நலனும் பன்மைத்துவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட நூலகங்களிலும் ஆவணப் பிரிவுகளிலும் வேலை செய்யும் தமிழ் பேசும் பணியாளர்களும், அவர்களை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர்களும் கலந்துரையாடல்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

சட்டத் தகவல் பணியாளர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

நூலகர் என்ற பதவிப் பெயரோடு இருப்பவர்களை மட்டும் சொல்லவில்லை. புதுக்கடையில் சட்டக் கல்லூரி, நீதிமன்றங்கள், சட்டமா அதிபர் திணைக்களம் ஆகியவற்றின் நூலகங்களில் இருப்பவர்கள், கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்திலும் நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்திலும் மாணவர்களுக்கு உதவுபவர்கள், கொள்ளுப்பிட்டிப் பக்கத்துத் தனியார் சட்ட நிறுவனங்களில் தீர்ப்புகளைத் தேடிக் கொடுப்பவர்கள், மனித உரிமை அமைப்புகளில் சாட்சியங்களைத் தொகுப்பவர்கள், நீதிமன்றப் பதிவேட்டறையில் தூசியோடு பழைய வழக்கேடுகளை எடுத்துத் தருபவர்கள் ஆகிய எல்லோரும் இதில் அடங்குவர். இவர்களில் அதிகம் கவனிக்கப்படாதவர் எழுதுவினைஞர் என்ற பெயரில் சம்பளம் பெற்றுக்கொண்டு முழுநேர நூலக வேலை செய்பவர்தான் என்பது எங்கள் கருத்து. அவருக்குத் தொழில்சார் பயிற்சியும் கிடைப்பதில்லை, அவர் சார்பில் பேசச் சங்கமும் இல்லை.

பணியாளர் நலனையும் பன்மைத்துவத்தையும் ஏன் ஒன்றாகச் சேர்க்கிறீர்கள்? இரண்டும் வெவ்வேறு விடயங்கள் அல்லவா?

வேறு நாடுகளில் அவை வெவ்வேறு குழுக்களின் வேலையாக இருக்கலாம். கொழும்பில் அவற்றைப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே புரியாமல் போகும்.

ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு நூலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். தம் பதவிக்குரிய வேலை முழுவதையும் அவர் மற்றவர்களைப் போலவே செய்கிறார். அதற்கு மேல், ஒரு சட்டத்தின் தமிழ் வாசகத்தைத் தேடிக் கொடுப்பதும், வவுனியாவிலிருந்து வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வதும், எந்த நீதிமன்றம் எந்த மாடியில் இருக்கிறது என்று தெரியாமல் வாசலில் நிற்கும் முதியவருக்கு வழிகாட்டுவதும், அறிவிப்புப் பலகையின் தமிழ் எழுத்துப் பிழைகளைத் திருத்துவதும், தலைமை உத்தியோகத்தரின் தைப்பொங்கல் வாழ்த்தை எழுதிக் கொடுப்பதும் அவர் தலையிலேயே விழுகின்றன. இவற்றில் ஒன்றுகூட அவருடைய கடமைப் பட்டியலில் இராது. பின்னேரம் நாலே கால் மணிக்கு, வத்தளை பஸ்ஸைப் பிடிப்பதற்காகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்குகிறவரைக் கனிஷ்ட சட்டத்தரணி ஒருவர் மறித்து, இந்த ஒரு பந்தியின் பொருளை மட்டும் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்கிறார். கேட்பவருக்கு அது ஐந்து நிமிட உதவி. சொல்பவருக்கு அன்றைய நாளின் ஒன்பதாவது ஐந்து நிமிடம்.

முஸ்லிம் பணியாளர் ஒருவர் இருந்தால், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றிய எல்லாக் கேள்விகளும், அவர் அந்தத் துறையைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், அவரிடமே அனுப்பப்படுகின்றன. சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவர் இருந்தால், அணுகுவசதி பற்றிய எல்லாக் கூட்டங்களுக்கும் அவரே போக வேண்டியிருக்கிறது. பன்மைத்துவம் இருப்பதாக நிறுவனம் பெருமைப்படும்போது, அந்தப் பன்மைத்துவத்தின் கூலியில்லா வேலையைச் சிலர் சுமக்கிறார்கள். அவர்களுடைய களைப்பைத் தியான வகுப்பால் தீர்க்க முடியாது. வேலையைப் பங்கிட்டால்தான் அது தீரும்.

மன அழுத்தம் சட்டத்தரணிகளுக்கு உள்ளதுதானே? நூலகத்தில் இருப்பவருக்கு அப்படி என்ன நெருக்கடி?

சட்டத்தரணிகளின் நிலை நன்கு ஆராயப்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கமும் ஹேசல்டன் பெட்டி ஃபோர்ட் நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 12,800 சட்டத்தரணிகளில் 28 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் 19 வீதமானோரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோரின் மதுப் பழக்கம் பிரச்சினைக்குரிய அளவில் இருந்தது. அடுத்த ஆண்டே அங்கு ஒரு தேசியச் செயலணி தன் பரிந்துரைகளை வெளியிட்டது. அவை அமெரிக்க எண்கள். இலங்கைக்கு அவற்றை அப்படியே பொருத்திப் பேசக் கூடாது.

ஆயினும், அந்த நெருக்கடி நூலகத்துக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதை இங்குள்ள சட்டக் காலவரையறைகளே காட்டுகின்றன. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாட்களும் மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாட்களுமே உண்டு. கட்சிக்காரர் இருபத்தாறாம் நாள் வருவார், சட்டத்தரணி இருபத்தெட்டாம் நாள் ஆவணங்களைப் பார்ப்பார், இருபத்தொன்பதாம் நாள் காலையில் ‘புதிய சட்ட அறிக்கைகள்’ (New Law Reports) என்ற தீர்ப்புத் தொகுப்பின் ஒரு குறிப்பிட்ட தொகுதி உடனே வேண்டும் என்று நூலகக் கருமபீடத்தில் நிற்பார். அந்தத் தொகுதி பைண்டிங் செய்வதற்குப் போயிருந்தால் கோபம் முழுவதும் கருமபீடத்தில் இருப்பவர் மீதே இறங்கும். தாமதத்தில் அவருக்குப் பங்கில்லை. வழக்கு வென்றாலும் அவர் பெயரை யாரும் சொல்லப் போவதில்லை. பொறுப்பு அதிகமாகவும் கட்டுப்பாடு குறைவாகவும் உள்ள வேலை உடம்பையும் மனதையும் அரிக்கிறது என்பது தொழில்சார் சுகாதாரத் துறையில் நீண்ட காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று.

சாதாரணக் களைப்புக்கும் தொழில் எரிவுநிலைக்கும் என்ன வேறுபாடு?

உலக சுகாதார அமைப்பு 2019இல் எரிவுநிலையைத் தன் நோய் வகைப்பாட்டில் தொழிலோடு தொடர்புடைய ஒரு நிலைமையாக வரையறுத்தது. அதை ஒரு நோயாக அது சொல்லவில்லை. சமாளிக்கப்படாமல் நீடித்த வேலை அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்படைதல், தம் வேலைத்திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். வார இறுதி ஓய்வில் களைப்பு நீங்கும். எரிவுநிலையில் உள்ளவருக்கு ஞாயிறு பின்னேரமே திங்கட்கிழமையின் கனம் தொடங்கிவிடும். முன்பு வாசகரை முகம் பார்த்துப் பேசியவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே ‘இல்லை’ என்று சொல்லத் தொடங்கினால், ஒழுக்காற்று நடவடிக்கையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் மேற்பார்வையாளர் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இது சேவை மனப்பான்மை வேண்டிய தொழில். சிறு சிரமங்களைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பொறுமையை நிறுவனம் ஆளணியாகக் கணக்கிடத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. நூலகத் தொழிலைப் புனிதமான ஒன்றாக உயர்த்திப் பேசும் பழக்கமே குறைந்த சம்பளத்தையும் மிகை வேலையையும் கேள்வி கேட்க விடாமல் தடுக்கிறது என்று 2018இல் அமெரிக்க நூலகர் ஃபொபாசி எத்தார் எழுதினார். நம் ஊரில் இதற்குப் பண்பாட்டு மெருகும் சேர்ந்துவிடுகிறது. கல்விக்குச் செய்யும் தொண்டு என்று சொல்லிவிட்டால் மேலதிக நேரக் கொடுப்பனவைப் பற்றிக் கேட்பது அற்பத்தனமாகத் தோன்றும். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கி மகிழ்கிறவருக்கும் தம் மாதச் சம்பளப் பட்டியலைச் சரிபார்க்க உரிமை உண்டு.

வழக்கேடுகளில் வரும் கொடூரமான விபரங்கள் மனதைப் பாதிக்கின்றன. இதை வெளியில் சொல்வது பலவீனமாகக் கருதப்படாதா?

இந்தக் கேள்வி எழுத்தில் வருவதில்லை. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் கேட்கப்படுகிறது.

சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளின் மருத்துவ அறிக்கைகள், தடுத்துவைக்கப்பட்டவர்களின் சத்தியக்கடதாசிகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் ஆணைக்குழுக்களின் முன்னால் சொன்ன சாட்சியங்கள் ஆகியவற்றை வகைப்படுத்துகிறவர், அவற்றை ஒரு முறை வாசித்துவிட்டு நகர்ந்து போகிறவர் அல்லர். பெயர், இடம், திகதி, நடந்த சம்பவம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க அதே பக்கத்தை நாலைந்து தடவை வாசிக்கிறார். பிறருடைய துயரத்தை இப்படித் தொடர்ந்து கையாள்பவருக்கு ஏற்படும் பாதிப்பை இரண்டாம் நிலை மனவடு என்று உளவியலாளர்கள் அழைக்கிறார்கள். தூக்கம் கெடுதல், தேவையற்ற எரிச்சல், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய அளவுக்கு மீறிய பயம் ஆகியன அதன் வழக்கமான அறிகுறிகள். தமிழ்ப் பணியாளருக்கு இதில் இன்னொரு கனமும் சேர்கிறது. தமிழில் உள்ள சாட்சியம் அவரிடமே வருகிறது, அதில் வரும் ஊர் அவருடைய தாயின் ஊராகவும் இருக்கலாம்.

செய்யக்கூடியவை உண்டு. இத்தகைய ஆவணங்களை ஒருவரிடமே தொடர்ந்து கொடுக்காமல் சுழற்சி முறையில் பகிர வேண்டும். மொழி காரணமாகச் சுழற்ற முடியாவிட்டால், ஒரு நாளில் இத்தனை மணி நேரம் என்று எல்லை வைத்து மீதி நேரத்துக்கு வேறு வேலை தர வேண்டும். படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிச் சிறிய அளவில் பார்ப்பதும், காணொளியை முதலில் ஒலியில்லாமல் பார்ப்பதும் தாக்கத்தைக் குறைக்கும். கோப்பின் முகப்பில் உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை இருந்தால் அடுத்து எடுப்பவர் தயாராக இருப்பார். இந்த வேலையை நாளின் கடைசி வேலையாக வைக்காதீர்கள், அதை நேரே வீட்டுக்குக் கொண்டுபோக நேரிடும்.

மொழி விடயத்தில் சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா?

எழுத்தில் இருக்கிறது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்திலிருந்து தொடங்கிய வரலாற்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய நிலையில், 1987இன் 13ஆம் திருத்தத்துக்குப் பின்னர் 18ஆம் உறுப்புரை தமிழையும் அரசகரும மொழியாக்குகிறது. 23ஆம் உறுப்புரை சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிடப்பட வேண்டும் என்கிறது. 24ஆம் உறுப்புரை இரு மொழிகளையும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகளாக்கி, நீதிமன்றத்தில் பயன்படுத்தப்படும் மொழி தெரியாத தரப்பினருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரிமையைத் தருகிறது. அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. மொழி உரிமை மீறல் பற்றிய முறைப்பாடுகளை அங்கே கொடுக்கலாம்.

நடைமுறை வேறு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் சட்ட அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன, கொழும்பின் கீழ் நீதிமன்றங்கள் சிங்களத்தில் இயங்குகின்றன, கட்சிக்காரரின் கதை தமிழில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் இடையில் ஓடித் திரிபவர் நூலகப் பணியாளர். பாராளுமன்றச் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள். இரு வாசகங்களுக்கும் இடையில் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று வழக்கமாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே தமிழ் வாசகத்தை எடுத்துக் கொடுப்பவர் சிங்கள வாசகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. பொறுப்பு இரட்டிப்பாகிறது, சம்பளம் ஒன்றாகவே இருக்கிறது.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான விதிகளை 2023 மார்ச் மாதத்தில் பாராளுமன்றம் நிராகரித்தது. அந்த முடிவின் நன்மை தீமைகளைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. நூலகங்களைப் பொறுத்தவரை அதன் பொருள் தெளிவானது. தமிழில் பரீட்சை எழுதும் மாணவர் தொடர்ந்து வருவார், அவருக்குரிய நூல்களும் அவற்றைத் தெரிந்த பணியாளரும் வேண்டும்.

ஒரே ஒரு தமிழ் பேசும் பணியாளராக இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

குறிப்பேட்டிலிருந்து. ஒரு மாத காலம், உங்கள் கடமைப் பட்டியலில் இல்லாத மொழி வேலை எதைச் செய்தாலும், திகதி, கேட்டவரின் பிரிவு, செய்த வேலை, எடுத்த நிமிடங்கள் ஆகிய நான்கையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முறைப்பாடாக எழுத வேண்டாம், உணர்ச்சியைச் சேர்க்க வேண்டாம், ஆட்களின் பெயரும் வேண்டாம். மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். ‘எனக்கு வேலை அதிகம்’ என்று சொல்பவரை எந்த மேலதிகாரியும் எளிதில் சமாளித்து அனுப்பிவிடுவார். மணித்தியாலக் கணக்கை மேசையில் வைப்பவரை அப்படி அனுப்ப முடியாது.

பின்னர் மூன்று கோரிக்கைகளில் உங்களுக்குப் பொருந்துவதை முன்வையுங்கள். மொழி வேலையைக் கடமைப் பட்டியலில் சேர்த்து வேறொரு வேலையைக் குறைத்தல் முதலாவது. இன்னொரு பணியாளருக்குத் தமிழ்ப் பயிற்சி அளித்தல் இரண்டாவது. அரச உத்தியோகத்தர்கள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருப்பதால் அதைப் புதிய செலவாகக் காட்ட வேண்டியதில்லை. சத்தியக்கடதாசி, மனு போன்றவற்றின் மொழிபெயர்ப்பைப் பதிவு பெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புவது மூன்றாவது. இந்தக் கடைசிக் கோரிக்கையில் விட்டுக்கொடுக்காதீர்கள். நூலகர் வாய்மொழியாகச் சொன்ன பொருளை நம்பி மனுவில் பிழை நேர்ந்தால், பழி யார் மீது விழும் என்பதை எல்லோரும் அறிவர்.

நூற்பட்டியலுக்கும் பன்மைத்துவத்துக்கும் என்ன தொடர்பு?

நிறையவே உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டு, 1806இன் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயரால் சட்டவலு பெற்றது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரே ஓர் எழுத்துக்கூட்டலை மட்டும் பட்டியலில் ஏற்றியிருந்தால், மற்ற எழுத்துக்கூட்டலில் தேடுகிறவருக்கு நூலகத்தில் அந்தச் சட்டமே இல்லை. எல்லா வடிவங்களையும் ஒன்றோடொன்று இணைத்து, தமிழ் எழுத்திலும் ஒரு பதிவை ஏற்றுவது ஒரு பிற்பகல் வேலை. மலையகத் தமிழரின் பிரசாவுரிமை தொடர்பான 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் முதல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையிலான ஆவணங்களும் இப்படியே சிதறிக் கிடக்கின்றன.

நூல்களை விடயவாரியாகத் தேடுவதற்குப் பட்டியலில் இடப்படும் பொருள் தலைப்புகளை மாற்றுவது நீண்ட வேலை என்பதையும் சொல்ல வேண்டும். குடியேறியவர்களைச் சட்டவிரோத அந்நியர் என்று குறிப்பிட்ட தலைப்பை மாற்றும்படி அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014இல் கோரிக்கை விடுத்தனர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2016இல் சம்மதித்தது, அரசியல் எதிர்ப்பால் அது நின்றுபோனது, 2021 நவம்பரில்தான் தலைப்பு மாறியது. நம் நூலகங்கள் பலவும் அயல்நாட்டுத் தலைப்புகளையே இறக்கிப் பயன்படுத்துகின்றன. அவற்றை மாற்றும் வரை காத்திராமல் உள்ளூர்த் தலைப்பை அருகில் சேர்த்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளான வாசகர்களுக்கும் பணியாளர்களுக்கும் என்ன செய்ய வேண்டும்?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைவாய்ப்பிலும் பொது இடங்களிலும் பாரபட்சத்தைத் தடை செய்கிறது. அணுகுவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. புதுக்கடையின் பழைய கட்டடங்களில் சாய்தளம் கட்டுவது நூலகரின் கையில் இல்லை. மேல் மாடியில் உள்ள நூலைக் கீழே கொண்டுவந்து கொடுக்கும் ஒழுங்கு அவர் கையில் இருக்கிறது.

எண்ணிம ஆவணங்களில் அவரால் அதைவிட அதிகம் செய்ய முடியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்பு நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். அதை என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பு மென்பொருளில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகப் பொருளற்ற ஒலி கேட்கும். ஸ்கான் செய்யப்பட்ட வர்த்தமானியில் அந்த ஒலியும் இராது, மென்பொருளுக்கு அது வெறும் படம். பார்வையற்ற சட்டத்தரணிக்கு இரண்டுமே பூட்டிய அலுமாரிதான். புதிதாக ஏற்றும் கோப்புகளையாவது திரைவாசிப்பு மென்பொருளால் வாசிக்கக்கூடிய ஒருங்குறியில் (யுனிகோட்) ஏற்றுவது என்று நூலகம் முடிவெடுக்கலாம், பழையவற்றைக் கேட்பு வரும் வரிசையில் மாற்றலாம்.

பாலியல் தொந்தரவை எப்படிக் கையாள்வது? தொந்தரவு செய்பவர் சிரேஷ்ட சட்டத்தரணியாக இருந்தால்?

தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இன் திருத்தத்துக்குப் பின்னர், பாலியல் தொந்தரவைத் தெளிவாகக் குற்றமாக்குகிறது. அதில் பதவி வேறுபாடு இல்லை. நூலகத்தில் நெருக்கமான அலமாரிகளுக்கு இடையில் தனியே நிற்க நேரிடுவதும், வாசகருக்கு மரியாதை காட்டியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பெண் பணியாளர்களைச் சிக்கலில் தள்ளுகின்றன. ‘சேர் அப்படித்தான், பகிடியாகச் சொல்வார்’ என்ற சமாதானத்தை மேற்பார்வையாளர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். நடந்ததை அன்றே எழுதித் திகதியிடுங்கள், நம்பிக்கையான ஒருவருக்குக் காட்டுங்கள், முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒருவரைத் தனியே கருமபீடத்தில் வைப்பதில்லை என்ற விதி எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

தன்பாலீர்ப்பு, பால்நிலை மாற்றம் தொடர்பான சட்டங்களைத் தேடி வருபவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

மற்ற எந்த வாசகரிடமும் நடந்துகொள்வதைப் போல. தன்பாலுறவுக்கு எதிராகப் பயன்படும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. அதைக் கேட்டு வருபவர் வழக்குக்காக வரலாம், ஆய்வுக்காக வரலாம், தமக்காகவும் வரலாம். ஏன் என்று கேட்பது நூலகரின் வேலை அன்று. யார் எதை வாசித்தார் என்ற பதிவு கருமபீடத்துக்கு வெளியே போகக் கூடாது. அதே பாதுகாப்பு நம் சக பணியாளருக்கும் உரியது.

தமிழ்ப் பணியாளர்கள் மட்டும் சேர்ந்து ஒரு குழு அமைக்கலாமா?

1906இல் தொடங்கிய அமெரிக்கச் சட்ட நூலகங்கள் சங்கத்தில் கறுப்பின, ஆசிய, லத்தீன் அமெரிக்கப் பணியாளர்களுக்கெனத் தனிக் குழுக்கள் உண்டு. அங்கே எண்ணிக்கை அதற்குப் போதும். கொழும்பில் அப்படி ஒரு குழு அமைத்தால் கைவிரல்களில் எண்ணக்கூடியவர்களே இருப்பார்கள், அது வேறு அர்த்தத்திலும் பார்க்கப்படும். மேலும், தமிழ் பேசுவோர் என்பதற்குள் யாழ்ப்பாணத்தவர், மலையகத்தவர், முஸ்லிம்கள், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று பல அனுபவங்கள் இருக்கின்றன. ஒருவரின் பேச்சு வழக்கை மற்றவர் கிண்டல் செய்வதும் நடக்கிறது, அதைப் பற்றியும் நாம் வெட்கப்படாமல் பேச வேண்டும். சிங்களச் சகாக்களையும் சேர்த்த சிறு குழுவே இங்கு பயன் தரும் என்பது எங்கள் கணிப்பு. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்குப் போகிறவரின் கருமபீட முறையை மற்றவர் எடுப்பதும், தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவருக்கு முதல் நாளே விடுவிப்புக் கொடுப்பதும், வெசாக் வாரத்தில் அதைத் திருப்பிச் செய்வதும் அத்தகைய குழுக்களில் கூட்டக் குறிப்பு எழுதாமலே நடக்கின்றன.

அரச உத்தியோகத்தர் இதைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசலாமா? இடமாற்றம் வராதா?

பயம் நியாயமானது. தாபன விதிக்கோவை அரச உத்தியோகத்தர்கள் ஊடகங்களுக்குத் தகவல் வழங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே தனிநபராகப் பத்திரிகைக்கு எழுதுவதைவிடத் தொழிற்சங்கம் ஊடாகவோ, 1960இல் உருவாகி 1974இல் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட இலங்கை நூலகச் சங்கம் ஊடாகவோ பேசுவது பாதுகாப்பானது. புள்ளிவிபரம் தேவைப்பட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் நூலகப் பிரிவில் எத்தனை பதவிகள் உள்ளன, அவற்றில் தமிழ்த் தேர்ச்சியுள்ளவர் எத்தனை பேர் என்ற கேள்வியை எந்தப் பிரசையும் கேட்கலாம்.

தனியார் சட்ட நிறுவனத்தில் நான் ஒருவர்தான் நூலகர். எனக்கு என்ன பாதுகாப்பு?

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். முழு ஆண்டுச் சேவைக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் உண்டு. பதிலாள் இல்லை என்ற காரணத்தால் விடுமுறை மறுக்கப்படுவதே இத்தகைய இடங்களில் பெரிய பிரச்சினை. ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுமுறைத் திகதிகளை எழுத்தில் கொடுத்துவிட்டு, அந்த நாட்களில் யார் எதைத் தேடிக்கொள்வது என்ற இரண்டு பக்க வழிகாட்டியையும் தயாரித்து வைத்துவிடுங்கள்.

உதவி தேவைப்பட்டால் யாரை அழைப்பது?

தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. மனம் விட்டுப் பேச உதவும் சுமித்ரயோ அமைப்பும், கட்டணமின்றி அழைக்கக்கூடிய 1333 என்ற உளவள ஆலோசனை இலக்கமும் இருக்கின்றன. அழைத்தவுடன் தமிழில் பேச விரும்புவதாகச் சொல்லுங்கள். அவசர நிலையில் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லலாம். கொழும்பில் அங்கொடை என்ற ஊர்ப் பெயரை வைத்துப் பகிடி பண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. தேசிய மனநல நிறுவனம் அங்கே இருப்பதுதான் காரணம். அந்தப் பகிடிக்குப் பயந்து மாதக்கணக்கில் வைத்தியரைப் பார்க்காமல் இருப்பவர்கள் உண்டு. உங்கள் நூலகத்தில் அதைச் சொல்பவர் யாராவது இருந்தால், சிரிக்காமல் இருப்பதும் ஓர் உதவிதான். மனநல வைத்தியர் தரும் மருத்துவச் சான்றிதழ் மற்ற எந்த வைத்தியரின் சான்றிதழையும் போலவே விடுமுறைக்குச் செல்லுபடியாகும். அதில் நோயின் விபரத்தை அலுவலகம் முழுவதற்கும் அறிவிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.